தவமலர் மினுக்கிய பித்தளை

தவமலர் ஒரு பப்பில் வேலை செய்கிறாள் என்பது, அவளோடு வேலைக்குப் போகிற பெண்களை விட்டால், லண்டன் மனோர் பார்க்கில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவளுடைய கணவர் இராஜேந்திரன். இன்னொருவர் அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்ட கிருஷ்ணராசா. மூன்றாவது ஆள் தவமலரேதான். கோயிலில் யாராவது விசாரித்தால், "ஒரு ஒஃபிஸிலை கிளீனிங்" என்பாள். அது முழுப் பொய்யும் இல்லை. பப்பின் மாடியில் மனேஜருக்கு ஒரு ஒஃபிஸ் அறை இருந்தது, அதையும் அவள்தான் கூட்டினாள். எங்கள் சனம் எத்தனையோ பெரிய விஷயங்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். ஒரு குடும்பப் பெண் விடியற்காலையில் சாராயக் கடைக்குள் நுழைவதை மட்டும் விடாது. அந்த நேரத்தில் உள்ளே குடிப்பதற்கு ஒரு குருவிகூட இல்லை, கதிரைகள்தான் மேசை மேல் கவிழ்ந்து கிடக்கின்றன என்று யார் போய் விளக்குவது?

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சாவகச்சேரியில் பிறந்து, எண்பத்தாறில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்குள் நுழைந்து, வுப்பெர்ட்டால் என்ற ஊரில் பதினைந்து வருடம் ஆஸ்பத்திரித் தரை துடைத்தவள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று குடும்பமே 2001இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தது. அவளுக்கு ஜெர்மன் சரளமாக வரும். அதனால் லண்டனில் ஐந்து சதத்துக்குப் பிரயோசனம் இல்லை. ஆங்கிலம் கேட்டால் பாதிக்கு மேல் விளங்கும், வாயைத் திறந்தால் ஜெர்மன்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கும். ஆகவே வேலையிடத்தில் அவள் வாய் திறப்பது குறைவு. ஏழு வருடமாக அவளைப் பார்க்கிற மனேஜர் மொரீன்கூட அவளை ஓர் அமைதியான பிறவி என்றே நினைத்திருந்தாள். மனோர் பார்க்கில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. 'தி ஹெரன்' என்ற அந்தப் பப் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்குப் பின்புறம், இரண்டு தெருக்கள் முட்டும் மூலையில் நின்றது. 1897ஆம் ஆண்டு கட்டியது. கீழே பளபளவென்று கருங்கல் தூண்கள், மேலே சிவப்புச் சுடுமண்ணில் பூவும் கொடியும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னக் கோபுரம். கோபுரத்துக்குள் ஒன்றுமே கிடையாது, வெறும் எடுப்புக்குக் கட்டியது. தெருப்பக்கம் ஐந்து கதவுகள். ஒரு கடைக்கு எதற்கு ஐந்து கதவு என்று தவமலர் முதல் நாளே யோசித்தாள். உள்ளே அந்தக் காலத்தில் ஐந்து அறைகளாக மறித்திருந்தார்களாம். சந்தையில் இறைச்சி சுமப்பவனுக்கு ஒன்று, குமாஸ்தாவுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, போத்தலில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று, துரைமாருக்கு ஒன்று. எல்லாருக்கும் ஒரே பீப்பாயிலிருந்துதான் பியர் வந்தது. ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக்கூடாது. மொரீன் இதைக் கையாலும் வாயாலும் விளக்கியபோது, இது தவமலருக்குப் புதினமாகவே இல்லை. ஊரில் தேத்தண்ணிக் கடையிலும் சாதி பார்த்து உட்கார இரண்டு வாங்கு, குடிக்க இரண்டு விதப் பேணி என்றுதானே இருந்தது. வெள்ளைக்காரன் அதையே மகோகனியிலும் கண்ணாடியிலும் செய்துவிட்டு அதற்குக் கட்டடக்கலை என்று பெயர் வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

நான்கு அறைகளை ஒரு முதலாளி 1930களில் இடித்துவிட்டார். எஞ்சியது துரைமார் அறை மட்டும். எட்டடிக்கு ஆறடி. மூன்று பக்கமும் மரத்தடுப்பு, தடுப்பின் மேற்பாதியில் நாணலுக்கு நடுவே கொக்குகள் நிற்பதுபோல் செதுக்கிய பனிக்கண்ணாடி. நான்காவது பக்கம் பியர் ஊற்றும் மேடை. அந்த மேடைக்கு மேலே, உட்கார்ந்திருப்பவரின் முக உயரத்துக்குப் பன்னிரண்டு சின்னப் பனிக்கண்ணாடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் மேலும் கீழும் ஒரு பித்தளைக் கீலில் சுழலும். துரை தனக்கு வேண்டியதைக் கேட்கக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்புவார், கிளாஸ் வந்ததும் மூடிவிடுவார். ஊற்றிக் கொடுக்கிறவனுக்கு அவருடைய கை மட்டும்தான் தெரியும். வேலைக்காரன் கண்ணில் தன் முகம் படக்கூடாது என்பதற்காக இத்தனை வேலைப்பாடு.

2009ஆம் ஆண்டு வைகாசியிலிருந்து அந்த அறையைத் தவமலர் தன் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தினாள்.

அவளுக்கு ஒரே தம்பி, நித்தியானந்தன். வன்னியில் கூட்டுறவுக் கடையில் முகாமையாளராக இருந்தவன். மே மாதம் பதினாலாம் தேதி முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து செத்துப்போனான். அந்தச் செய்தி அதற்குப் பதினைந்து நாள் கழித்துத்தான், வன்னிச் சனத்தை அடைத்து வைத்த முகாமுக்குள் இருந்த ஒருவர் எடுத்த தொலைபேசியில், இரண்டு நிமிடத்தில் வந்தது. தவமலரின் தாய்க்கு எண்பத்தொரு வயது. மகளோடுதான் மனோர் பார்க்கில் இருக்கிறாள். இதயம் மிகவும் பலவீனம், அதிர்ச்சி தரும் எதையும் சொல்லவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். டொரோண்டோவில் இருக்கிற அக்காவும், சுவிஸில் இருக்கிற மைத்துனரும், இராஜேந்திரனும் தொலைபேசியிலேயே கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்: அம்மாவுக்கு இப்போது சொல்லவேண்டாம். முடிவு எடுத்தவர்களில் ஒருவரும் அம்மாவோடு ஒரே வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவதில்லை. அது தவமலரின் பங்குக்கு வந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் கேட்பாள், "நித்தி கதைச்சவனோ?" தவமலர் சொல்வாள், "முகாமிலை போன் விடமாட்டினமாம் அம்மா." யாராவது வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதும் நின்றது. தெருவுக்கே தெரிந்த சாவு அந்த வீட்டின் நடு அறைக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

அந்தச் சின்ன வீட்டில் அழ இடம் இல்லை. குளியலறைக்குள் அழுதால் கண் சிவக்கும், அம்மா முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். வேலையிடம் ஒன்றுதான் மிஞ்சியது. காலை எட்டு இருபதுக்குப் பெரிய கூடத்தைத் துடைத்து முடித்துவிட்டுத் தவமலர் தன் தேத்தண்ணிப் போத்தலோடு துரைமார் அறைக்குள் போவாள். பன்னிரண்டு கண்ணாடியையும் மூடுவாள். மொரீன் வெளியே நடமாடினாலும் உள்ளே இருப்பவரின் நிழல்தான் தெரியும், முகம் தெரியாது. எட்டு முப்பத்தைந்து வரைக்கும் தம்பிக்காக அழுவாள். பிறகு முகம் கழுவிவிட்டுக் கழிப்பறை துடைக்கப் போவாள். நாலு மாதமாக அவள் உடைந்து விழாமல் நடமாடியதற்கு அந்தப் பதினைந்து நிமிடம்தான் காரணம். இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை, புருஷனுக்கும்கூட.

தவறு நடந்தது ஆனி மாதம். தம்பியின் முப்பத்தோராம் நாள் வந்தது. ஊர் வழக்கப்படி அந்தியேட்டிக் கிரியை செய்து, வீடு கழுவி, விளக்கேற்றிச் சனத்துக்குச் சாப்பாடு போட்டிருக்கவேண்டும். வீட்டில் ஒரு குத்துவிளக்கை எடுத்துத் துலக்கினால்கூட அம்மா, "இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பாள். அன்று காலை தவமலர் ஒரு சின்ன டப்பாவில் பழப்புளியும் உப்பும் வேலைக்குக் கொண்டுபோனாள். துரைமார் அறையில் கரேல் என்று கிடந்த பித்தளைக் கீல்கள் அத்தனையையும் விளக்குத் துலக்குவது போலவே புளி போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மினுக்கினாள். ஒரு மணி நேரம் பிடித்தது. தம்பிக்காக அவளால் செய்ய முடிந்த ஒரே கிரியை அது. துடைப்பம் வைக்கும் அலுமாரிக்குள், "உலோகப் பாகங்களுக்கு உலர்ந்த துணி மட்டும்" என்று ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பித்தளையைப் பற்றி எங்களுக்கு வெள்ளைக்காரன் சொல்லித் தரவேண்டுமா என்று எந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, கட்டிய காலத்திலேயே வேண்டுமென்று ஏற்றிவிட்ட நிறம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மொரீன் பார்த்துவிட்டு, "அழகாயிருக்கிறது" என்றாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

செப்டம்பரில் பப்பின் கொம்பனி அந்த அறையை இடித்துவிட்டு, கூடம் முழுவதையும் சாப்பாட்டு மேசை போடுகிற ஒரே மண்டபமாக்கத் திட்டம் போட்டது. கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் இருந்ததால் கவுன்சிலின் அனுமதி வேண்டும். கொம்பனிக்காக வாதாட வந்தவர் ஃபென்விக் என்ற கட்டடக்கலைஞர். உயரமான, மரியாதையான மனிதர். ஒரு நாள் அளவெடுக்க வந்தபோது கீல்களைப் பார்த்தார், பிறகு மற்றக் கதவுகளின் கைப்பிடிகளைப் பார்த்தார், அவர் முகம் மலர்ந்துவிட்டது. கட்டடத்திலுள்ள பழைய பித்தளை எல்லாம் கறுப்பு, இந்த அறையில் மட்டும் பொன் மாதிரி மின்னுகிறது. அப்படியென்றால் இந்த அறை பழையது அல்ல, உல்லாசப் பயணிகளுக்காக எழுபதுகளில் செய்து வைத்த போலி என்று அறிக்கை எழுதிவிட்டார். போலியை இடிக்க அனுமதி கேட்பதில் சிரமம் இல்லை. கவுன்சில் அதிகாரி செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது.

மொரீன் இதைத் தவமலருக்குத் திங்கட்கிழமை சொன்னாள். பாதிதான் விளங்கியது, அதுவே போதுமாயிருந்தது. அன்றைக்கு அந்தப் பதினைந்து நிமிடமும் அவள் அழவில்லை. தான் மினுக்கிய கீல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய் விடியற்காலை கிருஷ்ணராசாவின் வான் வண்டியில் அவள் முன் இருக்கையில் ஏறினாள். கிருஷ்ணராசா அந்தக் கொம்பனியின் பதினான்கு பப்புகளுக்குத் துப்புரவு ஒப்பந்தம் எடுத்தவர். தவமலரைவிட ஏழு வயது இளையவர். பெண்களை வானில் ஏற்றி ஒவ்வொரு கடையாக இறக்கிவிட்டு, பதினொன்றரைக்குப் பிறகு திரும்ப ஏற்றிக்கொண்டு போவார். மற்றப் பெண்கள் இறங்கும்வரை காத்திருந்து தவமலர் புளி விஷயத்தைச் சொன்னாள். கிருஷ்ணராசா வானை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"உதை வேறை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"சொல்லிப்போடாதேங்கோ அக்கா. லிஸ்டட் கட்டடத்திலை கை வைச்சால் கவுன்சில் வழக்குப் போடும். கிரிமினல் வழக்கு. கொம்பனி அடுத்த நாளே என்னைத் தூக்கி எறிஞ்சுபோடும். ஒன்பது பொம்பிளையள் என்னை நம்பி நிக்கினம். நீங்களும் ஒராள்."

"அப்ப அந்த அறையை இடிக்கப் போறாங்கள், ராசா."

"இடிச்சால் இடிக்கட்டுமே. துடைக்கிற வேலை குறையும்." அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "ஒண்டும் கேக்கமாட்டினம். கேட்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ, போதும். நான் பக்கத்திலை நிப்பன்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. தவமலர் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியபோது வீடு பார்த்துக் கொடுத்தவர், நித்தியோடு ஒரே வகுப்பில் படித்தவர். மே மாதம் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் கிடந்தவர்களில் அவரும் ஒருவர். ஒன்பது பெண்களின் அடுப்பு அவர் கையில் இருந்தது உண்மைதான். தவமலருக்கு அதுவும் தெரியும், அதனால்தான் நெஞ்சு இரண்டு பக்கமும் இழுத்தது.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தாள். முப்பது வயதுகூட இராது, பெயர் ரேச்சல். நனைந்த மழைக் கோட்டைக் கழற்றாமலே ஒரு சின்ன டோர்ச் லைட்டோடு நேரே துரைமார் அறைக்குள் போனாள். ஃபென்விக் பின்னால் போனார். மொரீன் வாசலில் நின்றாள். தவமலர் கூடத்தில் ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். அரை மணி நேரம் ரேச்சல் மரத்தைத் தட்டினாள், கண்ணாடியில் விரல் வைத்துப் பார்த்தாள், மண்டியிட்டு அடியில் டோர்ச் அடித்தாள். கண்ணாடிகளில் நான்கைந்து போர்க்காலத்தில் உடைந்து மாற்றியவை என்றாள். மரம் பலமுறை மெருகு ஏற்றியது, அதை வைத்துக் காலம் சொல்ல முடியாது. பழைய படம் எதுவும் இல்லை. கடைசியில் கீல்களில்தான் வந்து நின்றாள்.

"இதுதான் எனக்கு இடிக்கிறது" என்றாள். "மற்றதெல்லாம் பழையது மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பித்தளை..."

"அதைத்தான் நானும் எழுதியிருக்கிறேன்" என்றார் ஃபென்விக்.

ரேச்சல் மொரீனைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கே துப்புரவு செய்வது யார்? எவ்வளவு காலமாக?"

மொரீன் கொம்பனியின் சம்பளத்தில் இருப்பவள், தெரிந்ததைச் சொல்லாமல் கையை மட்டும் காட்டினாள். மூன்று பேரும் தவமலரைப் பார்த்தார்கள். ஏழு வருடத்தில் அந்தக் கட்டடத்தைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணராசா பின்வாசலால் உள்ளே வந்தார். அவளுக்கு ஆங்கிலம் பெரிதாக வராது, நான் மொழிபெயர்க்கிறேன் என்று முன்னால் வந்து நின்றார். ரேச்சல் நன்றி சொன்னாள்.

"இந்தக் கீல்கள் எப்போதும் இப்படித்தான் மின்னிக்கொண்டிருந்தனவா என்று கேளுங்கள்."

"அக்கா, உது எப்பவும் உப்பிடித்தான் மினுங்கினதோ எண்டு கேக்கிறா" என்றார் கிருஷ்ணராசா. முகத்தில் சிரிப்பு, குரலில் கெஞ்சல். "ஓம் எண்டு சொல்லுங்கோ."

தவமலரின் கைத்துணியிலிருந்து தண்ணீர் அவள் சப்பாத்தில் சொட்டியது. "இல்லை" என்றாள். "நான் வரேக்கை கறுப்பு. ஆனி மாசம் நான்தான் புளி போட்டு மினுக்கினனான். அதைச் சொல்லு."

கிருஷ்ணராசா ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. ரேச்சலிடம் திரும்பி, அவள் வேலைக்கு வந்த நாள் முதல் இப்படித்தான் இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ரேச்சல் பேனையைத் திறந்தாள்.

ஆங்கிலம் வராதவர்களுக்கு ஆங்கிலம் விளங்காது என்று நினைப்பது வெள்ளைக்காரர்களின் பிழை மட்டும் அல்ல. தவமலருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தன் வாயால் சொன்ன 'இல்லை', இன்னொருவர் வாயால் 'ஆமாம்' ஆகி, அந்தப் பெண்ணின் கடதாசியில் மையாக இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு எட்டு இருபதுக்கு எங்கே போவது என்று நினைத்தாள். அம்மாவுக்குச் சொல்கிற பொய் ஒன்றே அவளால் தாங்க முடிந்த அளவு. அதற்கு மேல் ஒரு பொய்யை அவளால் சுமக்க ஏலாது.

"நோ" என்றாள்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"அக்கா, விடுங்கோ" என்றார் கிருஷ்ணராசா.

"நோ. ஐ வாஷ். பிஃபோர், பிளாக். ஓல் பிளாக்." அதற்குப் பிறகு ஆங்கிலம் நின்றுவிட்டது, ஜெர்மன் வந்தது, அதுவும் நின்றுவிட்டது. ஃபென்விக் ஏதோ மரியாதையாகச் சொன்னார், குழப்பம், மொழிப் பிரச்சினை என்ற சொற்கள் காதில் விழுந்தன. தவமலர் துணியைப் போட்டுவிட்டுப் பியர் மேடைக்குப் பின்னால் போனாள். ஜின்னுக்குப் போட வெட்டி வைத்திருந்த தேசிக்காய்ப் பாதி ஒன்றை எடுத்தாள், மேசையிலிருந்த உப்புக் குடுவையை எடுத்தாள், துரைமார் அறைக்குள் நுழைந்தாள். அறையின் சின்னக் கதவைத் தாங்குகிற ஒரு பித்தளைப் பிணைச்சல் உண்டு. அது தடுப்பின் உள்மூலையில், கதவு திறந்திருக்கையில் மறைந்துவிடும் இடத்தில் இருந்தது. அன்று அவள் கதவைத் திறந்து வைத்தபடி மினுக்கியதால் அது கைக்கு எட்டாமல் விடுபட்டது. வந்த நிபுணர்களும் கதவைத் திறந்து வைத்தபடியேதான் பார்த்தார்கள். எல்லாரும் பின்னால் வந்து நெருக்கி நின்றதும் அவள் கதவைச் சாத்தினாள். பிணைச்சல் கரிச்சட்டியின் அடி மாதிரிக் கறுப்பாக இருந்தது.

உப்பைத் தூவித் தேசிக்காயை வைத்துத் தேய்த்தாள். கவுன்சில் அதிகாரியின் கண் முன்னால், பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தில், சட்டம் தடுத்த அதே காரியத்தைச் செய்தாள். கிருஷ்ணராசா கண்ணை மூடிக்கொண்டார். கறுப்பு மெல்ல மெல்ல விட்டது, பத்துச் சதக் காசு அளவுக்குப் பொன் நிறம் தெரிந்தது. ரேச்சல் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்" என்றாள் மெதுவாக. "போதும், விளங்கிவிட்டது."

பிடித்த கையை விடாமலே டோர்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு முழங்காலில் உட்கார்ந்து அந்தப் பிணைச்சலின் ஆணிகளைப் பார்த்தாள், மேலே போய்க் கண்ணாடிக் கீல்களின் ஆணிகளைப் பார்த்தாள், மறுபடி கீழே வந்தாள். கூடத்தின் வாசற்கதவுவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மழைக்கோட்டு உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மொரீன் தன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடி நின்றாள்.

"எல்லாம் ஒரே கை செய்தது" என்றாள் ரேச்சல். எழுதியிருந்த தாளைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்து மடித்துப் பையில் வைத்தாள். "ஃபென்விக், இந்த அறை இருந்த இடத்திலேயே இருக்கும்."

ரேச்சல் தவமலரிடம் திரும்பி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, இனி எலுமிச்சை வேண்டாம், துணி மட்டும் என்றாள். வழக்கு எதுவும் போடமாட்டேன், தெரியாமல் செய்தது என்று எழுதுவேன் என்றாள். அதைக் கிருஷ்ணராசா மொழிபெயர்க்கத் தொடங்கியபோது தவமலர் தலையை அசைத்து மறித்துவிட்டாள்.

அதிகாரி போன பிறகு ஃபென்விக் கொம்பனிக்குப் போன் எடுத்துவிட்டுக் கிருஷ்ணராசாவை ஒரு பக்கம் கூப்பிட்டார். நீண்ட பேச்சு இல்லை. அந்தப் பெண் இனிமேல் கொம்பனியின் எந்தக் கடைக்கும் வரக்கூடாது, ஒப்பந்தத்தைப் பற்றி மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வார்கள். மொரீன் சாவியைக் கேட்கும்போது அழுதுவிட்டாள். தவமலர் அழவில்லை. எட்டு இருபது எப்போதோ தாண்டிவிட்டது.

வான் லைம்ஹவுஸ் வரைக்கும் வந்துவிட்டது. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது.

"வெள்ளைக்காரன்ரை கண்ணாடி" என்றார் கிருஷ்ணராசா கடைசியில். கோபத்தைவிடக் களைப்புத்தான் அதில் இருந்தது. "உங்களுக்கு ஏன் அக்கா உந்த வேலை? ஒன்பது பேருக்கு நான் இனி என்ன பதில் சொல்லுறது?"

"என்ரை பேரைச் சொல்லு. நான் வந்து ஒவ்வொருத்தரிட்டையும் கதைக்கிறன்."

"கதைச்சு?"

செய்தது சரி என்றுகூட அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. காப்பாற்றிய அறைக்குள் அவள் இனிக் கால் வைக்கப்போவதில்லை. அவள் கொடுத்த விலையில் மற்ற எட்டுப் பெண்களின் பங்கும் இருந்தது. "என்னை வீட்டை விடு, ராசா" என்றாள்.

பதினொரு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது அம்மா நடு அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இராஜேந்திரன் பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை.

"ஏன் பிள்ளை இண்டைக்கு வெள்ளன வந்தனி?"

"வேலை போட்டுது அம்மா."

"போனால் போகட்டும். கொஞ்சம் இளைப்பாறு." அம்மா போர்வையைச் சரிசெய்தாள். பிறகு நாள் தவறாமல் கேட்பதைக் கேட்டாள். "நித்தி கதைச்சவனோ?"

முகாமிலை போன் விடமாட்டினமாம். நாக்கு நுனிவரை அந்தச் சொற்கள் வந்துவிட்டன. தவமலர் கோட்டைக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டொக்டரை நினைத்தாள், டொரோண்டோ அக்காவை நினைத்தாள். அம்மாவின் நாடி பார்ப்பவள் போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எந்த இடம், என்ன நடந்தது, யார் போன் எடுத்துச் சொன்னது, எதையும் விடவில்லை.

அம்மா கத்தவில்லை. நெஞ்சைப் பிடிக்கவும் இல்லை. அவள் கண் சுவரில் இருந்தது. தவமலரின் விரலுக்குக் கீழே நாடி ஓடிக்கொண்டிருந்தது, நின்று நின்று, பிறகு மறுபடி. அவள் அதையே எண்ணிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டுமா என்று எழும்பப் போனாள்.

"இரு" என்றாள் அம்மா. "எப்ப?"

"மே பதினாலு."

அம்மா மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாதி. நாலாவது விரலில் நிறுத்தினாள். பிறகுதான் மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாலு மாசமா நீ எங்கை இருந்து அழுதனி?"

தவமலர் எதிர்பார்த்து வந்த எந்தக் கேள்வியும் அது இல்லை.

"ஒரு சாராயக் கடையிலை, அம்மா" என்றாள்.

அம்மா அவள் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்தாள்.

"இனி வீட்டிலை அழு" என்றாள்.